திரும்பவும் தவணை

ஜூலை 2
எங்கட காணி வழக்குக்குத் திரும்பவும் தவணை. 17ஆம் திகதியாம். அப்பா உறுதிய பேக்குக்குள்ள வச்சிட்டு ஒண்டும் கதைக்கல்ல.

ஜூலை 4
கச்சான் காத்து, புத்தகமெல்லாம் மண். 14ஆம் திகதி சட்டச் சோதினை, நைஜீரியா வழக்குப் பாடம் ஏறவே மாட்டெங்குது. லக்கன்மி, லக்கன்மி எண்டு வழக்குப் போட்டவர்ட பேர மட்டும் எழுதிக்கிட்டு இரிக்கன்.

ஜூலை 5
இப்பதான் விளங்கிச்சி, விளங்கினதும் நித்திரை போயிட்டு. 1967ல மேற்கு மாநில ராணுவ ஆட்சி எடிக்ட் எண்ட மாநிலச் சட்டம் போட்டு லக்கன்மிட சொத்த முடக்குது, வாடகை கூட திறைசேரிக்காம், வழக்கு முடியமுதல் 1968ல மத்திய ராணுவ அரசு டிக்ரி எண்ட தன்ட சட்டத்த போட்டு எல்லாம் செல்லும் எண்டிட்டு. சமஷ்டியில ஒண்டு பிழை விட்டா மத்தது தடுக்கும் எண்டுதானே படிச்சம், அங்க ரெண்டும் ஒரே யூனிஃபோம், கவர்னரயே மேலருந்து போடுறாங்க. ஆனா சுப்ரீம் கோட் மடங்கல்ல, 1970 ஏப்ரல் 24, இது சட்டமில்ல, சட்டம் எண்ட பேர்ல குடுத்த தண்டனை, செல்லாது எண்டிட்டு. மே 9 இன்னொரு டிக்ரி, 28ஆம் நம்பர், அந்தத் தீர்ப்பே இல்லயாம்.
தீர்ப்புக்கும் அதுக்கும் இடையில 15 நாள். லக்கன்மி தன்ட சொத்தப் போய்ப் பாத்திரிப்பாரா? துறப்பு போட்டுத் திறந்திரிப்பாரா?

ஜூலை 6
15 நாள்.

ஜூலை 8
தம்பி பஸ்ஸுக்குள்ள இருந்து கண்டானாம், வேலிக்கு அங்கால எங்கட மாமரம் காய்ச்சிரிக்காம். அப்பா கேட்டது ஒண்டுதான். "ஊஞ்சல் கட்டின கொப்பு நிக்குதா?"

ஜூலை 9
லோயர் சொல்றார் ஜட்ஜ் ஐயாக்கு இடமாத்தமாம். சாதாரண இடமாத்தம்தான், எனக்குத்தான் பைத்தியம், உடனே நைஜீரியாட எலியாஸ நினைச்சன். 1975ல புது ராணுவ ஆட்சி வந்ததும் தலைமை நீதியரசர் பதவியில இருந்து தூக்கின ஆள், மறுகா ஹேக் சர்வதேச கோட்டுக்குப் போயிட்டார். எங்கட ஐயா எங்க போறாரோ.

ஜூலை 11
அப்பாக்கு நைஜீரியாவில ஓஜுக்வு எண்டவர்ட வழக்க வாசிச்சிக் காட்டினன். கோட்ல விசயம் இரிக்கக்குள்ளயே லாகோஸ் மாநிலக் கவர்னர் ஆள வீட்டால இறக்கிட்டார். வீட்ட திருப்பிக் குடு எண்டு கீழ்க் கோட் போட்ட ஓடருக்குத் தடை வேணும் எண்டு 1986ல கவர்னர் பக்கம் சுப்ரீம் கோட்டுக்கு வந்தா, நீ ஓடர மீறிட்டு எந்த முகத்தோட இங்க கேக்கிறாய் எண்டமாதிரி மறுத்திட்டாங்க. ராணுவ ஆட்சிக்குள்ள! எனக்கு மயிர் கூச்செறிஞ்சிது. அப்பா கண்ணாடிய கழட்டித் துடைச்சார்.
"மறுகா வீடு கிடைச்சிதா மனே?"
புத்தகம் தீர்ப்போட முடிஞ்சிட்டுப்பா எண்டன்.

ஜூலை 14
சோதினை முடிஞ்சிது. கோட் கேக்கேலாது எண்டு டிக்ரிக்குள்ளயே எழுதிற பிரிவப் பத்தித்தான் கேள்வி வந்திரிந்திச்சி. நாலு பக்கம் எழுதினன், கடைசியில மாமரத்த எழுதப் பாத்தன்.

ஜூலை 16
அப்பா வெள்ளை சேட்ட தானே அயன் பண்றார். உறுதியில பூச்சி உருண்டை மணக்குது.

ஜூலை 17
கல்லடிப் பாலத்தில பஸ் நிக்குது. மணி எட்டே கால். அப்பா பேக்க மடியில வச்சி