வார நாளுக்கு ஒரு கொடுவா

அலுவலகம் முடிந்து வரும் நாட்களில் மீன் குழம்பு வைக்க எனக்குப் பொறுமை கிடையாது. வறுத்தாலோ அடுப்பு மேடை முழுக்க எண்ணெய். அதனால் கொடுவா நேராக ஓவனுக்குள் போய்விடும். வெள்ளைச் சதை, வாடையும் குறைவு. மீன் என்றாலே மூக்கைப் பிடிக்கும் என் மகளே சாப்பிடுகிறாள். அத்தை மட்டும் மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடுவார்.

மீன்காரரிடம் முள் நீக்கி, 2 செ.மீ. கனத்தில் துண்டு கேட்பேன். ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் தன் தண்ணீரிலேயே அவிந்துவிடும். உப்பு, மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு, தாராளமாக வெண்ணெய், அடியில் வெங்காயம். எலுமிச்சையை முன்பே பிழிந்து ஊறவிட்டால் சதை வெளுத்து இறுகும். இறக்கிய பிறகு பிழிந்தால் போதும்.

முன்பே 200 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் 12 முதல் 15 நிமிடம். முள்கரண்டி பட்டதும் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். மேலே வெள்ளைத் திட்டுகள் நிறையக் கசிந்தால் வெந்தது அதிகம். அப்புறம் அந்தத் தட்டில் தேங்கும் வெண்ணெய்ச் சாறு! சூடான சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் அன்றைக்கு ரசம்கூடத் தேவையில்லை.