மாப்ளைக்கு முடியலீங்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவிநாசிப் பெரியம்மாவும் பெரியப்பாவும் ஒரு டஜன் சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ், கோயில் திருநீறு சகிதம் வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தது என் வீட்டுக்காரர். கையில் வாழைக்காய் பஜ்ஜி. பெரியம்மா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ளை, எந்திரிச்சு நடக்கறீங்ளா? எண்ணெய்ப் பண்டமெல்லாம் திங்கலாம்னு டாக்டர் சொல்லீட்டாருங்ளா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் பஜ்ஜியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளைகள் இரண்டு பேர் என்பது அவிநாசிவரை இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டாவது மாப்ளை, பையன் பிறந்தநாளுக்கு வாங்கிய நீல ஃபைட்டர் மீன். ஹாஃப்மூன் வகை, வாலை விரித்தால் பாதி நிலா. பெயர் வைத்தது என் அப்பா. வந்த அன்றைக்கே தொட்டி முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தனி ரூம் வேணும். வேளைக்குச் சோறு வேணும், அதுவும் புடிச்சாத்தான் திங்கும். எதுக்க இன்னொருத்தன் வந்தா மூஞ்சியத் தூக்கிக்கும். இது மீனில்ல அம்மிணி, ஆடி நோம்பிக்கு வந்த மாப்ளை." அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதுவும் பெயருக்குப் பொருத்தமாகவே இருந்தது.

போன வாரம் இந்த நீல மாப்ளையின் வால் நுனி கிழிந்த வேட்டி மாதிரி நைந்து, ஓரம் கறுத்துப்போயிருந்தது. துடுப்பு அழுகல் என்று பையன் கண்டுபிடித்தான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது: மூன்று வாரமாகத் தண்ணீர் மாற்றவில்லை. மீன் வாங்கும்போது "எல்லாம் நானே பாத்துக்குவேம்மா" என்று சத்தியம் செய்தவன், பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்துக்கொண்டு மட்டும்.

மீன் கடைக்காரர் முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு சீசா கொடுத்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். டீ ட்ரீ எண்ணெய் என்று போட்டிருந்தது. காங்கேயத்துப் பக்கம் ஐம்பது வருசமாக மாடுகளுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவிப் புண் ஆற்றிய மனுசன். எண்ணெய் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. முந்நூற்று ஐம்பது என்றதும் சுருங்கிவிட்டது. ஏனென்றால் அதே பெயர் போட்ட சின்ன சீசா ஒன்று பாத்ரூம் அலமாரியில் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். மகள் முகப்பருவுக்கு வாங்கி வைத்தது.

ஞாயிறு காலை நான் காய் வாங்கப் போன நேரத்தில் அதிலிருந்து மூன்று சொட்டு தொட்டிக்குள் போய்விட்டது.

திரும்பி வந்தால் ஹால் முழுக்க ஊட்டித் தைலக்கடை வாசம். "யாருக்குச் சளி?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தேன். தொட்டியில் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஒரு படலம், மழை பெய்த மறுநாள் பெட்ரோல் பங்க் வாசலில் ஏழு கலரில் மினுங்குமே, அது. அதற்கு அடியில் மாப்ளை நின்றிருந்தார். நீலம் வெளுத்து சாம்பலாகி, வாலை மடக்கிய குடை மாதிரி சுருட்டிக்கொண்டு. மெதுவாக மேலே வந்தார். வாயை நீர்மட்டத்தில் வைத்தார். வைத்த வேகத்தில், கொதிக்கும் காப்பியில் உதட்டை வைத்த ஆள் மாதிரி வெடுக்கென்று பின்வாங்கிக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே வந்தார். வராமல் இருக்க முடியாது. அதுதான் பிரச்சினை.

பையன் ட்யூஷனிலிருந்து வந்து தலையில் அடித்துக்கொண்டான். "அப்புச்சி! அது மேல வந்து காத்தை முழுங்கி மூச்சு விடற மீனு! செவுளுக்கு மேல தனியா ஒரு உறுப்பே இருக்குது. தாய்லாந்துல 2019ல தேசிய நீர்வாழ் உயிரின்னே அறிவிச்சுட்டாங்க!"

தாய்லாந்து அப்பாவுக்கு உறைக்கவில்லை. "வாய்க்கால்ல தண்ணி நிறுத்துனதுக்கப்புறம் சேத்துல கெடந்து வாயைத் தொறக்குமே, நம்ம விரால், அதாட்டவா?" என்று கேட்டார். அதேதான் என்றான் பையன். அப்பா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விராலுக்கு மேலே எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கிய சீசாவில் இருப்பது தண்ணீரில் கரையும்படி கலக்கிய துளியூண்டு எண்ணெய். அதற்கே மீன் வளர்ப்பவர்களிடையே ஃபைட்டருக்கு ஆகும், ஆகாது என்று இரண்டு கட்சி. மகளுடையது சுத்தமான எண்ணெய். நாயோ பூனையோ நக்கினாலே விஷம். போதாததற்கு நடுவில் அம்மா வந்து, "டீத்தூள் எண்ணெய்தான, வால்பாறையில இருந்து வர்றது, அது என்ன பண்ணப்போகுது?" என்றார். வால்பாறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஆஸ்திரேலியா மரம். கொய்யா, நாவல், யூகலிப்டஸ் எல்லாம் அதற்குப் பங்காளி, டீச்செடி தூரத்து ஒறம்பரைகூடக் கிடையாது. இதை அந்த அவசரத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று முந்தின நாள் பிடித்து வைத்து, மாற்றாமல் விட்ட ஒரு பக்கெட் சிறுவாணித் தண்ணீர் பொடக்காணியில் அப்படியே இருந்தது. என் சோம்பேறித்தனம் ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று வீட்டில் யாராவது ஒத்துக்கொள்வார்கள் என்றா நினைக்கிறீர்கள்? க்ளோரின் எல்லாம் ஓடிப்போன தண்ணீர். அரிசி களையும் குண்டாவில் அதை ஊற்றி மாப்ளையைக் குடியேற்றினோம். பையன் டிஷ்யூ பேப்பரை நீர்மட்டத்தில் விரித்து விரித்து எடுத்து எண்ணெயை ஒற்றினான். அப்புறம் தொட்டியையே கவிழ்த்துக் கழுவினோம், சோப்பு போடாமல்.

இந்தக் களேபரத்தின் நடுவில்தான் அவிநாசியிலிருந்து போன் வந்திருக்கிறது. அம்மா பேசியது இவ்வளவுதான் என்று சத்தியம் பண்ணுகிறார்: "பழமை பேச நேரமில்லீங் அக்கா. மாப்ளைக்கு முடியலீங். மூச்சு வாங்குது. இவரு என்னமோ எண்ணெயைக் குடுத்துப்போட்டாரு. இப்பத்தான் குண்டாவுல போட்டு வெச்சிருக்கறோம்."

குண்டாவில் என்று கேட்ட பிறகுமா சந்தேகம் வரவில்லை என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "ஐசியூவுக்கு ஏதோ கோயமுத்தூருப் பேருன்னு நெனச்சேன்" என்றார்.

குண்டாவைக் காட்டினோம். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டாயிரம் ரூவாய்க்குக் காரு புடிச்சு வந்தோம்?" என்றார். பெரியம்மா திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். தண்ணீரில் போட்டுவிடுவாரோ என்று நானும் பையனும் ஒரே நேரத்தில் கையைப் பிடித்தோம். கடைசியில் குண்டாவின் வெளிப்பக்கம் மூன்று பட்டை போட்டுவிட்டார். மீதி என் வீட்டுக்காரர் நெற்றிக்கு. ஹார்லிக்ஸ் அவருக்குத்தான் போனது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலைகளைத் தினமும் காலையில் திட்டிக்கொண்டே கூட்டித் தள்ளுகிறேன். அதே இலையை ஃபைட்டர் வளர்ப்பவர்கள் ஆன்லைனில் காசு கொடுத்து வாங்குகிறார்களாம். பையன் இரண்டு இலையைக் கழுவித் தொட்டியில் போட்டான். மறுநாள் தண்ணீர் வரக்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அப்பா டார்ச்சோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். மணி இரண்டு. "தூங்கலியாப்பா?" என்றேன். "மாடுன்னா மூக்கைத் தொட்டுப் பாத்தே சொல்லிப்போடுவேன் அம்மிணி, ஈரமா இருந்தாத் தேறிக்கும்னு. இதுக்கு எங்க தொட்டுப் பாக்கறது? எல்லாமே ஈரமா இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

புதன்கிழமை நீலம் திரும்பியது. வியாழக்கிழமை தொட்டி மூலையில் வெள்ளையாக நுரை. அப்பா பதறிப்போய், "சோப்பு போட்டது யாரு?" என்று சத்தம் போட்டார். அது மாப்ளை கட்டிய நுரைக்கூடு, ஆண்மீன்தான் கட்டும், முட்டையையும் அதுதான் காவல் காக்கும் என்று பையன் சொன்னான். அப்பா என் வீட்டுக்காரர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குச் சொல்லியே இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போனார்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன். "மாப்ளை சாப்ட்டாராம்மிணி?" நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்ததால் போனை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

"சாப்ட்டனுங் மாமா. நல்லா இருக்கறனுங்" என்றார் அவர்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது சரிங் மாப்ளை. போனை சித்தே தொட்டிகிட்டக் கொண்டு போங்."