பக்கத்துச் சங்கிலியிலிருந்து வரும் சுவர்

புரதப் படிக ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் ஒரு புரதச் சங்கிலியை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு செயல்தளத்தை, அதாவது வேதிவினை நடக்கும் குழியை, தேடுவார்கள். ஃபேப்-எச் என்ற பாக்டீரிய நொதிக்கு அது போதாது. அதன் இரண்டு சங்கிலிகள் ஜோடியாகத்தான் வேலை செய்கின்றன, ஜோடியாகத்தான் பார்க்கவேண்டும்.

பாக்டீரியாவில் கொழுப்பு அமிலச் சங்கிலியைத் தொடங்கி வைப்பது இந்த நொதிதான். அசிட்டைல் என்ற இரண்டு கார்பன் துண்டைச் சுமந்துகொண்டு அசிட்டைல் கோ-ஏ வந்து, நொதியின் 112ஆம் இடத்து அமினோ அமிலமான சிஸ்டீனிடம் அதை ஒப்படைத்துவிட்டுப் போகும், அப்புறம் ஏசிபி என்ற சுமைதூக்கும் புரதம் மலோனைல் துண்டோடு (மலோனைல்-ஏசிபி) உள்ளே வரும், கார்பன் டை ஆக்சைடு கழன்று நான்கு கார்பன் துண்டு ஒன்று உருவாகும். துணைக்கு 244இல் ஒரு ஹிஸ்டிடின், 274இல் ஓர் அஸ்பரஜின். ஈ. கோலையிலும் காசநோய்க் கிருமியிலும் இந்த மூன்றும் அதே இடத்தில் இருக்கின்றன, மடிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் ஈ. கோலையின் நொதி இரண்டு, மூன்று கார்பன் துண்டுகளைத்தான் விரும்புகிறது. காசநோய்க் கிருமியின் நொதியோ 12 கார்பனுக்கு மேல் நீண்ட சங்கிலிகளை எடுத்து, அதன் செல்சுவருக்கான மிக நீண்ட கொழுப்பு அமிலங்களைக் கட்டும் மைக்கோலிக் அமிலப் பாதைக்கு அனுப்புகிறது.

இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு 87ஆம் இடத்துக்கு. ஈ. கோலையில் அங்கே பருத்த ஃபினைலலனின் உட்கார்ந்து குழியின் அடியை மூடுகிறது, காசநோய்க் கிருமியில் சிறிய த்ரியோனின் இருப்பதால் வழி திறந்திருக்கிறது. அந்த 87 வருவது ஜோடியின் மறு சங்கிலியிலிருந்து! அதை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்டான பரவசம் இன்னும் குறையவில்லை.

படம் மட்டும் பார்த்து எதை ஏற்கும், எதை மறுக்கும் என்று முடிவுகட்டக்கூடாது, அளந்தே ஆகவேண்டும். அளப்பதில் பாதி வேலை ஏசிபியைத் தயார்செய்வதுதான். ஈ. கோலையில் அளவுக்கு மீறி உற்பத்தி செய்தால் அதில் பெரும்பகுதி, சுமையைப் பிடிக்கும் பான்டெத்தீன் கை ஒட்டாமலே வரும். இன்னொரு நொதியால் அதை ஒட்டவைத்து, பிறகு மலோனைலை ஏற்றவேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இங்கே அவசரப்பட்டால் பின்னால் வரும் எந்த எண்ணையும் நம்பமுடியாது.

இந்த ஒரு நொதியின் தேர்வு எவ்வளவு தூரம் செல்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று பேசில்லஸ் சப்டிலிஸிடமிருந்து வந்தது. அதன் ஃபேப்-எச் கிளைத்த துண்டுகளையும் ஏற்கும். ஈ. கோலை செல் சாற்றில் அதைச் சேர்த்து, கிளைத்த தொடக்கத் துண்டையும் கொடுத்தால், ஈ. கோலையின் மற்ற நொதிகள் முரண்டு பிடிக்காமல் கிளைத்த கொழுப்பு அமிலத்தையே கட்டி முடித்துவிடுகின்றன. வாசலில் மட்டும்தான் கெடுபிடி.

காசநோய்க் கிருமியின் நொதிக்குள் நீண்ட கார்பன் சங்கிலி நுழைவது எப்படி என்பது தனி விஷயம். மூடிய நிலையில் பார்த்தால் அவ்வளவு குறுகிய வாய்வழியே அது ஊர்ந்து போகும் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது. செயல்தளத்தைச் சுற்றியுள்ள வளையங்கள் விலகித் திறக்கின்றன என்று சொல்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எதுவும் பிணையாத ஈ. கோலை நொதியின் படிகம் ஒன்றில் அந்த வளையங்கள் நிலைகொள்ளாமல், அணுக்களின் இடத்தைக் காட்டும் எலெக்ட்ரான் அடர்த்திப் படத்தில் தெரியாமலே போயிருக்கின்றன. அந்த வெற்றிடங்களை நான் குறையாக நினைப்பதில்லை, அங்கேதான் முதலில் பார்க்கிறேன்.