அண்டர்ஸ்கோர் தின்ற சனிக்கிழமை

கோ (Go) என்ற புரோகிராமிங் மொழியில் எழுதிய சின்ன வெப் ஆப். சார்ட் வரைய வெளியார் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்று தேவைப்பட்டது. சிடிஎன் (லைப்ரரியை இன்டர்நெட்டிலிருந்தே தரும் சர்வர்) இணைப்பு என்றால் ஒரே வரி வேலை. ஆனால் ஆப் ஓடும் ஃபேக்டரிக்குள் இன்டர்நெட்டே கிடையாது. சரி, 2021-இல் கோ 1.16 பதிப்போடு வந்த, ஃபைல்களை ஆப்புக்குள்ளேயே பொதிந்துவைக்கும் எம்பெட் வசதி இருக்கிறதே என்று லைப்ரரி ஃபோல்டரை அப்படியே பைனரிக்குள் (பில்ட் செய்ததும் கிடைக்கும் ஆப் ஃபைலுக்குள்) திணித்தேன்.

பில்டில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. பிரவுசரில் மட்டும் 404, அதாவது ஃபைல் கிடைக்கவில்லை என்ற பிழை. ஃபைலோ கண்ணெதிரே இருக்கிறது! பாத், கேஷ், ரவுட்டர் என எல்லாவற்றையும் சந்தேகப்பட்டதில் மூன்று மணி நேரம் போனது. அப்புறம்தான் டாக்குமென்டேஷனைத் திறந்தேன் (முதலிலேயே திறந்திருக்கலாம், தெரியும்). ஃபோல்டர் பெயரை மட்டும் கொடுத்தால், புள்ளியிலோ அண்டர்ஸ்கோரிலோ தொடங்கும் ஃபைல்களை எம்பெட் சத்தமில்லாமல் விட்டுவிடுமாம்.

அப்படிப்பட்ட ஃபைல்களையும் சேர்க்கச் சொல்லும், கோ 1.18-இல் வந்த 'ஆல்' முன்னொட்டை ஃபோல்டர் பெயருக்கு முன்னால் சேர்த்தேன். சார்ட் வந்துவிட்டது. மதியச் சாப்பாடுதான் ஆறிப்போயிருந்தது.