1024x768-லயே மாட்டிக்கிட்ட மானிட்டர்: மூணு ராத்திரி போச்சு

ஒருவழியா சரியாயிடுச்சு, ஆனா மூணு ராத்திரி தூக்கம் போனது போனதுதான். பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டேன், இன்ஸ்டால்ல ஒரு பிரச்சனையும் இல்ல. ஏறி வந்தப்புறம் பாத்தா 1920x1080 மானிட்டர்ல எழுத்தெல்லாம் பக்கவாட்டுல இழுத்துவிட்ட மாதிரி தடிச்சு நிக்குது, டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 1024x768-க்கு மேல ஒண்ணுமே இல்ல. விஷயம் தெரிஞ்சவர்னு நம்பி ஒருத்தர்கிட்ட கேட்டேன், கம்ப்யூட்டரைப் பாக்காமலே "கிராபிக்ஸ் கார்டு போச்சு, புதுசு வாங்கு"ன்னுட்டார். அவர் பேச்சைக் கேட்டு வாங்கியிருந்தா அந்தக் காசும் போயிருக்கும், இப்ப நினைச்சாலும் எரிச்சலா வருது.

முதல் ராத்திரி டிரைவரை மாத்தி மாத்திப் போட்டேன், சுத்த வேஸ்ட். ரெண்டாவது ராத்திரி எக்ஸ்ரேண்டர் (xrandr), அதாவது ஸ்க்ரீன் அளவை மாத்துற கமாண்ட். லினக்ஸ்ல ஸ்க்ரீனுக்குப் படம் அனுப்ப வேலண்ட், எக்ஸ்ஆர்க்னு ரெண்டு வழி இருக்கு; வேலண்ட்ல இருந்துக்கிட்டு எக்ஸ்ரேண்டர்ல புது மோட் (புது ஸ்க்ரீன் அளவு) சேர்க்கப் பாக்காதீங்க, நடக்காது, நான் ஒரு மணி நேரம் முட்டிப் பாத்துட்டுதான் எக்ஸ்ஆர்க் செஷனுக்கு மாறினேன். அந்த அளவுக்கு வேண்டிய டைமிங்கைக் கணக்குப் போட்டு மோட்லைன்னு ஒரு வரியாத் தர்றது சிவிடி (cvt) கமாண்ட், அது குடுத்த வரி 173.00 மெகாஹெர்ட்ஸ்னு ஆரம்பிச்சுது, அதைப் போட்டதும் மானிட்டர் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'னு கறுத்துப்போச்சு. அதே கமாண்டை ஹைபன் ஆர் (-r) சேர்த்து ஓட்டினா 138.50 வருது, அதை ஏத்துக்கிச்சு! ரீஸ்டார்ட் பண்ணினா மறுபடி பழைய கோலம். சரின்னு லாகின் ஆனதும் தானா ஓடுற எக்ஸ்ப்ரொஃபைல் (.xprofile) ஃபைல்ல அந்தக் கமாண்டுகளை எழுதி வச்சேன், லாகின் ஸ்க்ரீன் மட்டும் அப்பவும் தடிச்சுதான் வந்துச்சு.

மூணாவது ராத்திரிதான் மண்டையில உறைச்சுது, மானிட்டர் தன்னோட அளவை ஏன் தானா சொல்லல? அந்த விவரத்துக்குப் பேரு ஈடிஐடி (EDID), குறைஞ்சது 128 பைட். சிஸ் கிளாஸ் டிஆர்எம் (/sys/class/drm) ஃபோல்டருக்குள்ள மானிட்டர் மாட்டின போர்ட் பேர்ல ஈடிஐடி ஃபைல் இருக்கும், எத்தனை பைட்னு எண்ணிப் பாத்தேன், பூஜ்யம். அது வராதப்ப லினக்ஸ் பத்திரமா 1024x768-ல நின்னுக்கும்.

உடனே மானிட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற விஜிஏ கேபிளைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தேன். மூணு வரிசை, வரிசைக்கு அஞ்சு ஊசி. 9-வது ஊசி நல்ல கேபிள்லயே பல சமயம் இருக்காது, அதைப் பாத்துப் பயப்படாதீங்க. ஈடிஐடி வர்றது 12, 15 ரெண்டுலயும்தான், என் கேபிள்ல 12 இருக்கவேண்டிய இடத்துல வெறும் ஓட்டை! வேற கேபிள் மாட்டினேன், ஒரு கமாண்டும் அடிக்காம லாகின் ஸ்க்ரீன்லேயே 1920x1080 கத்தி மாதிரி வந்து நின்னுச்சு, அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

கேபிளும் நல்லாத்தான் இருக்குன்னா க்ரப் வரில (லினக்ஸை ஏத்துற பூட் மெனுவோட செட்டிங்) நோமோட்செட் (nomodeset)ங்கிற சொல் ஒட்டிக்கிட்டிருக்கான்னு பாருங்க, இன்ஸ்டால் பண்றப்ப ஸ்க்ரீன் கறுத்ததுன்னு சேர்த்துட்டு எடுக்காம விட்டிருந்தா கிராபிக்ஸ் டிரைவரே எந்திரிக்காது. இன்னொண்ணு, கேபிள் மாத்தினதும் எக்ஸ்ப்ரொஃபைல்ல எழுதின பழைய வரிகளை அழிச்சிடுங்க. நான் விட்டுட்டேன், லாகின் ஆனதும் படம் ஒரு பக்கமா நகர்ந்து நின்னுச்சு, புது கேபிளும் போச்சோன்னு இன்னொரு அரை மணி நேரம் பதறிட்டேன்.