பையில் இருந்த பெயர் பில்லில் இல்லை

போன வாரம்தான் டிரேட்மார்க் சான்றிதழ் வந்தது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பெருந்துறைப் பக்கம் டைல்ஸ் ஒட்டும் பசை தயாரிக்கிறோம். 2010-ல் அப்பா ஆரம்பித்தது. எங்கள் குலதெய்வத்தின் பெயரையே பைக்கு வைத்தார். 2021-ல் காங்கேயத்திலிருந்து ஒரு கொத்தனார் போன் செய்தார். "ஏனுங்க, உங்க பசைல ஒட்டுன டைல்ஸ் நாலே மாசத்துல கழண்டு வருதுங்க. வீட்டுக்காரங்க என்னையத்தானுங்க புடிச்சுப் பேசறாங்க." நேரில் போய்ப் பார்த்தால் அது எங்கள் பையே இல்லை. அதே அம்மன் பெயர், முன்னால் ஒரு 'ஸ்ரீ', அதே மஞ்சள் நிறம். இருந்தாலும் அந்த வீட்டுக்குப் பசையும் கூலியும் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். அப்பாவுக்கு அன்று இரவு தூக்கமில்லை.

பெயரைப் பதிவு செய்ய 2019-லேயே ஒரு ஏஜென்டிடம் பணம் கட்டியிருந்ததால் தைரியமாக இருந்தேன். அவர் போனை எடுக்கவில்லை என்றதும் ரயிலேறி சென்னை கிண்டியில் இருக்கிற டிரேட்மார்க் அலுவலகம் வரை போனேன். வீண் அலைச்சல். விண்ணப்ப எண் இருந்தால் நிலவரத்தை இணையதளத்திலேயே பார்க்கலாம். பார்த்தால், விண்ணப்பத்தைப் பரிசீலித்து அலுவலகம் அனுப்பிய ஆய்வறிக்கைக்கு 30 நாளில் பதில் போகாததால் விண்ணப்பம் கைவிடப்பட்டிருந்தது. அறிக்கை ஏஜென்டின் ஈமெயிலுக்கு வந்திருக்கிறது, அவர் எங்களிடம் வாயே திறக்கவில்லை. அதைவிட வயிறு எரிந்தது இன்னொன்று. ஒன்பது வருடமாக விற்கிற பெயரை 'இனிமேல் பயன்படுத்தப் போகிறோம்' என்று குறித்துக் கொடுத்திருந்தார். யாரிடம் கொடுத்தாலும் அனுப்பும் முன் விண்ணப்பத்தை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். உங்கள் ஈமெயிலையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கோயமுத்தூரில் ஒரு வக்கீலைப் பிடித்து மறுபடி போட்டோம். டிரேட்மார்க்கில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முன்பு 19-ம் வகுப்பில் மட்டும் போட்டிருந்தார்கள். கட்டுமானச் சாந்துக்கு அது சரி. ஆனால் டைல்ஸ் ஒட்டும் பசை 1-ம் வகுப்பிலும் வரும், எதிராளி அதில்தான் நுழைந்திருந்தார். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய், எனவே இரண்டுக்கு 9,000. 2010 முதல் பயன்பாடு என்று பிரமாணப் பத்திரமும் கொடுத்தோம். ஆய்வு தாண்டி, அலுவலகம் வெளியிடும் ஜர்னலில் வந்துவிட்டது.

ஜர்னலில் வந்த நாளிலிருந்து 4 மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். கடைசி வாரத்தில் எதிர்ப்பு வந்தது. தாங்கள் 2015 முதல் விற்கிறோம், பதிவுக்கும் முந்திவிட்டோம், அம்மன் பெயர் யாருக்கும் சொந்தமில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் அதே குலதெய்வம், அதே காணிக் கோயில்தான். அம்மனை நாங்கள் கேட்கவில்லை. பசைப் பையில் இருக்கிற பெயரைத்தான் கேட்டோம்.

நோட்டீஸ் கிடைத்த 2 மாதத்துக்குள் எதிர்வாதம் போட வேண்டும். கூடுதல் நாள் கிடையாது, தவறினால் விண்ணப்பம் போச்சு. அந்த இரண்டு மாதமும் நான் ஃபேக்டரியில் உட்காரவில்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகான பில்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தன. அதற்கு முந்தைய பில் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினால், 'பசை 20 கிலோ, 40 பை' என்றுதான் எல்லாவற்றிலும். பெயர் ஒரு பில்லிலும் இல்லை! பெயர் இல்லாத பில் எந்தப் பெயருக்கும் சாட்சியாகாது என்று வக்கீல் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது.

பை அச்சடித்த கடைக்காரர் 2013 ரசீது ஒன்றைத் தேடிக் கொடுத்தார். பிறகு சென்னிமலையில் ஒரு கொத்தனார் வீட்டில் அது கிடைத்தது. கடைகளுக்கும் கொத்தனார்களுக்கும் அப்பா கொடுத்த சிவகாசி நாள்காட்டி. தாளெல்லாம் கிழித்து முடிந்த பிறகும் முருகன் படத்துக்காக அட்டையை மட்டும் பூஜை அறையில் வைத்திருந்தார் அந்த வீட்டு அக்கா. படத்துக்குக் கீழே எங்கள் பெயர், பையின் படம், 2012 என்று வருடம். அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வக்கீல் எங்களுக்குத் தெம்பாகச் சொன்னது திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கை. பதிவு கையில் இருந்தாலும் முதலில் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. டிரேட்மார்க் சட்டத்தின் 34-ம் பிரிவும் முந்திப் பயன்படுத்தியவரைக் காக்கிறது. ரசீதும் நாள்காட்டியும் எதிர்வாதத்தோடு போன பிறகு அந்தப் பக்கத்து வக்கீலே பேச வந்தார். பெயரைக் கம்பெனிப் பலகையில் வைத்துக்கொள்ளலாம், பசைப் பையில் போடக்கூடாது, மஞ்சள் நிறமும் கூடாது என்று எழுதி வாங்கினோம். எதிர்ப்பை வாபஸ் வாங்கினார்கள்.

விண்ணப்பித்த நாளிலிருந்து 10 வருடத்துக்குப் பெயர் எங்களுடையது. பதிவான பெயர் என்று காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' இனிமேல்தான் போடலாம், இதுவரை 'டிஎம்' மட்டும்தான். புது பில்லில் ஒவ்வொரு வரியிலும் பெயர் வருகிற மாதிரி மாற்றியாயிற்று. நாள்காட்டி அட்டையை நாளைக்குச் சென்னிமலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தைப்பூசத்துக்குள் வேண்டும் என்று அந்த அக்கா கேட்டிருக்கிறார்.