வான்சண்டைப் பயிற்சியில் நான் தேறி வந்த வழி

கோவைக்கு அருகே விமானப்படைத் தளம் உள்ள சூலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தேஜஸ் போர் விமானத்தின் முழக்கம் கேட்காத வேலை நாள் அரிது. அந்த முழக்கத்தைக் கேட்டு வளரும் பிள்ளைகள், நான் போர் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் கேட்பவை பெரும்பாலும் வேகத்தையும் ஏவுகணையையும் பற்றிய கேள்விகளாகவே இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்வது எளிது. ஓர் இளைஞன் வான்சண்டைக்குத் தகுதியானவன் என்று அவன் சேரும் விமானப் பிரிவான ஸ்குவாட்ரன் எப்படி முடிவு செய்கிறது, அதுவரை அவன் எதையெல்லாம் கடந்து வர வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த வரையில் அதை இங்கே எழுதுகிறேன்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, 1962-இல் தொடங்கப்பட்ட அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்து, அங்கிருந்து கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குச் சென்றவன் நான். கொங்கு நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இன்றும் அதுவே நன்கு தெரிந்த வழி. தேர்வு வாரியத்தில் பறத்தல் திறனுக்கென ஒரு சோதனை உண்டு. அதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். எங்கள் காலத்தில் கருவிகளைக் கொண்டு நடந்த அந்தச் சோதனை இப்போது கணினி வழியாக நடக்கிறது. பின்னர் துண்டிகல் விமானப்படை அகாடமி, அங்கே எச்.பி.டி.-32, கிரண் என்ற விமானங்கள், போர் விமானப் பிரிவுக்குப் பிரிக்கப்பட்டதும் ஹக்கிம்பேட்டையில் போலந்து நாட்டு இஸ்க்ரா என்று எங்கள் பயிற்சி நகர்ந்தது. அந்தக் கட்டங்களை விரித்துச் சொல்லத் தேவையில்லை. விமானத்தைப் பாதுகாப்பாக ஓட்டக் கற்பிப்பதே அவற்றின் நோக்கம். சண்டை என்பது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அசாமின் தேஜ்பூரில் மிக்-21 விமானத்துக்கு மாறியது பெரிய தாவல். அதுவரை ஓட்டிய விமானங்கள் பொறுமையானவை. மிக்-21 ஓடுபாதையை நெருங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இருக்கும். அதன் சிறிய முக்கோண இறக்கைக்கு அதைவிட மெதுவாகப் பறந்தால் போதிய தூக்குவிசை கிடைக்காது. இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய உயர்நிலைப் பயிற்சி விமானமான ஹாக், 2008-இல்தான் பீதருக்கு வந்து சேர்ந்தது. அது வருவதற்கு முன் பயின்றவர்கள் இடைப்படி இல்லாமலே ஏறினோம். அந்தத் தாமதத்துக்கு எத்தனை இளம் உயிர்கள் விலையாயின என்பதை நினைக்கையில் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

வான்சண்டைப் பயிற்சிக்கு முதல் தடை உடல்தான். விமானம் கூர்மையாகத் திரும்பும்போது விமானியின் எடை பல மடங்காகிறது. இதை நாங்கள் 'ஜி' என்ற எழுத்தால் அளக்கிறோம். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஏழு கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆறு ஜி-யில் அது 42 கிலோ. கழுத்தின் மேல் பருத்தி மூட்டையை ஏற்றிவிட்டு, திரும்பிப் பின்னால் பார் என்று சொல்வதைப் போன்றது அது. இரத்தம் தலையிலிருந்து கால்களுக்கு இறங்குவதால் முதலில் பார்வையின் ஓரங்கள் மங்கும், பிறகு நிறம் போகும், பிறகு இருட்டும், அதையும் மீறினால் நினைவு தப்பும். காற்றால் உப்பிக் கால்களையும் வயிற்றையும் அழுத்தும் ஜி-சூட் ஓரளவே உதவும். மீதியை நாமே செய்ய வேண்டும்: திருப்பம் தொடங்கும் முன்பே தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று நொடிக்கு ஒரு முறை மட்டும் சட்டென்று விட்டு வாங்க வேண்டும். முன்பே என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பார்வை மங்கிய பிறகு இறுக்குவது பெரும்பாலும் காலங்கடந்த செயல். பெங்களூருவில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில், நீண்ட கையின் முனையில் அமர்த்திச் சுழற்றும் எந்திரத்தில் இதைப் பழக்குகிறார்கள்.

ஸ்குவாட்ரனில் சண்டைப் பயிற்சி ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் தொடங்குகிறது. முதலில் எதிராளியின் பின்புறத்தில் நம்மை நிறுத்தித் தாக்கச் சொல்வார்கள். அடுத்து நம்மை முன்னால் விட்டுத் தப்பச் சொல்வார்கள். அதன் பிறகே யாருக்கும் சாதகமில்லாத நிலையிலிருந்து மோதவிடுவார்கள். தரையிலிருந்து குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, அந்த உயரத்தையே தரை என்று கருத வேண்டும். இரு விமானங்களுக்கும் இடையே குறைந்தபட்ச இடைவெளி உண்டு. யாராவது ஒருவர் சண்டையை நிறுத்தச் சொல்லி அழைத்தால், எவ்வளவு சாதகமான நிலையில் இருந்தாலும் அந்தக் கணமே நிறுத்தியாக வேண்டும். இந்த விதிகளை மீறி வென்றவனை எந்த ஸ்குவாட்ரனும் வென்றவனாக ஏற்பதில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கூர்மையாகத் திரும்புவதே திறமை என்று எண்ணுகிறார்கள். ஒரே ஜி-யில் திரும்பும்போது வேகம் இரு மடங்கானால் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகிவிடும். ஆகவே மிகுந்த வேகமும் பகைதான். மிக்-21-இன் முக்கோண இறக்கை ஒரு முறை நன்றாகத் திரும்பித் தரும், ஆனால் அந்தத் திருப்பத்தில் எழும் காற்றின் இழுவை வேகத்தை விழுங்கிவிடும், அடுத்த திருப்பத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. உயரமும் வேகமும் சேர்ந்ததுதான் விமானியின் கைமுதல். அதை எப்போது செலவிடுவது, எப்போது கீழ்நோக்கிப் பாய்ந்து மீட்பது என்று ஒவ்வொரு நொடியும் கணக்கிட வேண்டும், அந்தக் கணக்கையும் எதிராளியைக் கண்ணிலிருந்து விடாமல் கழுத்தைத் திருப்பியபடியே போட வேண்டும். எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் ரீஹீட்டைப் போட்டுச் சண்டையிட்டால் எரிபொருள் கண்ணெதிரே கரையும் என்பதால், சண்டை நேரம் நிமிடக் கணக்கில்தான் கிடைக்கும்.

இவ்வளவையும் சொன்னாலும், நான் தேறியது வானத்தில் அல்ல, பறந்து வந்த பின் நடந்ததை அலசும் டீபிரீஃப் அறையில் என்றே உறுதியாக நம்புகிறேன். பறந்த நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் அங்கே செலவாகும். தரையிறங்கியதும் வெள்ளைப் பலகையின் முன் நின்று, இரண்டு நிற எழுதுகோல்களால் இரு விமானங்களின் பாதைகளையும் தொடக்கத்திலிருந்து வரைய வேண்டும்: எந்த உயரத்தில், என்ன வேகத்தில், எந்தத் திசையில் இருந்தோம், எதிராளியை முதலில் எப்போது கண்டோம், எப்போது இழந்தோம். நினைவில் இல்லாததை ஊகித்து நிரப்பக் கூடாது. அங்கே பதவிக்கு இடமில்லை. இளைய விமானி எழுந்து மூத்தவரின் திருப்பம் இரண்டு நொடி தாமதம் என்று சொன்னால், அவர் அதைக் குறித்துக்கொள்வார். எங்கள் பயிற்றுநர் யார் யாரைச் சுட்டார் என்பதைக் கடைசியாகத்தான் கேட்பார். அவர் தேடியது முடிவை அல்ல, முடிவுக்கு வெகு முன்னால் நிகழ்ந்த ஒரு காரணத்தை. சண்டையின் இறுதியில் ஒருவன் சிக்கிக்கொள்கிறான் என்றால், அதன் வேர் பெரும்பாலும் முதல் திருப்பத்திலோ, அதற்கும் முன்னால் எதிராளியைத் தாமதமாகக் கண்டதிலோ இருக்கும். அந்த வேரைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் நாளில்தான் பயிற்றுநர் அடுத்த கட்டமான இரண்டுக்கு இரண்டு சண்டைக்கு அனுப்பினார். அங்கே நம் பக்கத்தில் பறக்கும் துணை விமானத்தின் நிலையையும் நினைவில் ஏந்த வேண்டும் என்பதால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். முழுத் தகுதி பெற்றவன் என்று பதிவேட்டில் எழுதப்படும் வரை இந்த முறை மாறவில்லை.

கோவையில் குடியிருக்கும் என் நண்பர், கோபிசெட்டிபாளையத்துக்காரர், என்னைவிடப் பல ஆண்டு இளையவர், மிராஜ்-2000 ஓட்டியவர். நாங்கள் சந்தித்தால் பேச்சு விமானங்களின் திறனில்தான் நிற்கும். ஒரு முறை உடனிருந்த என் தங்கை மகன், "மாமா, தேஜஸ் பெருசுங்களா, ரஃபேல் பெருசுங்களா?" என்று கேட்டான். நண்பர் அவனிடம், "எவ்வளவு எரிபொருளோட, என்ன ஏவுகணையோட, யாரு யாரை முதல்ல பார்த்தாங்கன்னு சொல்லு கண்ணு, அப்புறம் பதில் சொல்றேன்" என்றார். அது தட்டிக்கழித்த பதில் அல்ல. தேஜஸும் வால் இறக்கை இல்லாத முக்கோண இறக்கை விமானம்தான். நீண்ட திருப்பத்தில் இழுவை கூடும் இயல்பு அதற்கும் உண்டு. ஆனால் அதை வேண்டுமென்றே நிலையற்ற தன்மையோடு வடிவமைத்து, நான்கு வழிக் கணினிக் கட்டுப்பாட்டால் நிலைநிறுத்துகிறார்கள். மிக்-21-இல் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் விமானம் சுழன்று விழும் என்ற அச்சத்தோடு இருந்தோம். அந்த எல்லையைத் தேஜஸில் கணினி காத்துக்கொள்வதால், விமானி தன் கவனம் முழுவதையும் எதிராளி மேல் வைக்கலாம். தலைக்கவசத்தின் வழியே பார்த்த திசையில் ஆர்-73 ஏவுகணையைக் குறிவைக்க முடிவதால், எதிராளியின் வாலுக்குப் பின்னால் போய்ச் சேர வேண்டிய கட்டாயமும் குறைந்துவிட்டது.

சிறிய உருவமும் ஒரு திறன்தான் என்று நண்பர் நினைவூட்டினார். 2020-இல் சூலூரில் தேஜஸ் ஓட்டத் தொடங்கிய 18-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த நிர்மல்ஜித் சிங் சேகோன், 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேல் பாகிஸ்தானின் சேபர் விமானங்களைத் தனி ஆளாக எதிர்த்துப் பொருதியது சின்னஞ்சிறு நேட் விமானத்தில்தான். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. எளிதில் கண்ணில் படாத விமானம் சண்டையின் முதல் சில நொடிகளைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது.

2024 ஆகஸ்டில் தரங் சக்தி கூட்டுப் பயிற்சியின் முதல் கட்டம் சூலூரில் நடந்தபோது ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் விமானப்படைகள் இங்கே வந்தன. யார் வென்றார்கள் என்று ஊரில் பலர் என்னைக் கேட்டார்கள். அத்தகைய பயிற்சியில் வேறு வேறு வகை விமானங்கள் மோதுவதன் பயன், பழகிய எதிராளியிடம் பழகிய தந்திரத்தையே பயன்படுத்தும் வழக்கத்தை உடைப்பதில் இருக்கிறது. நம் விமானியின் கண்ணுக்கு ஐரோப்பியப் போர் விமானமான யூரோஃபைட்டர் திரும்பும் விதம் புதிது; அந்தப் புதுமையைப் போர்க்களத்தில் முதன்முதலாகக் காண நேர்ந்தால் இழப்பு பெரிது.

தங்கை மகன் இப்போது பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறான். விமானப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஏஎஃப்கேட் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறான். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்கிறானா, உயரம் 162.5 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா, கால் நீளம் வரம்புக்குள் அமைகிறதா என்பவற்றை முதலில் சரிபார்த்தோம். இப்போது அவன் சனிக்கிழமை தோறும் கைப்பந்து ஆடிவிட்டு வந்ததும், கடைசி ஐந்து புள்ளிகளில் தன் அணியின் ஒவ்வொருவரும் எங்கே நின்றார்கள் என்பதைத் தாளில் வரைந்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நண்பரும் அதைப் பார்த்துக் கேள்விகள் எழுதி அனுப்புகிறார்.